ஆஸ்திரேலியாவில் லூட் பாக்ஸ்: ‘எம்’ முத்திரை இருந்தால் 12 வயதுப் பையனால் வாங்க முடியாதா?

மெல்பன்வாசி: வணக்கம். காசு கொடுத்து வாங்கும் லூட் பாக்ஸ் (உள்ளே என்ன விழும் என்று முன்பே தெரியாத பரிசுப் பெட்டி) உள்ள கேம்களுக்கு 22 செப்டம்பர் 2024 முதல் குறைந்தது ‘எம்’ என்ற வயதுத் தர முத்திரை கட்டாயம் என்கிறார்கள். அப்படியென்றால் 15 வயதுக்குள் வாங்கவே முடியாதா? பையனிடம் இருக்கும் பழைய கேமில் ‘ஜி’ (எல்லா வயதினருக்கும்) என்றுதானே போட்டிருக்கிறது?

விதிநூல்: எம் வெறும் அறிவுரைதான். 15க்குக் கீழே பரிந்துரைக்கவில்லை என்று சொல்லும், விற்பனையைத் தடுக்காது. சட்டப்படி வயது வரம்பு உள்ளவை எம்ஏ15+, ஆர்18+ இரண்டும்தான். அதே விதியில் ஸ்லாட் மெஷின் போலச் சூதாட்டத்தையே விளையாட்டாக்கிய கேம்களுக்கு, நிஜப் பணம் புழங்காவிட்டாலும், ஆர்18+ கட்டாயம். நிஜப் பணத்தை உறிஞ்சும் லூட் பாக்ஸுக்கோ எம் போதுமாம். இது எனக்கு நியாயமாகவே படவில்லை.

விதி பின்னோக்கிப் பாயாது. அந்தத் தேதிக்கு முன் தரம் வாங்கிய கேம் பழைய முத்திரையோடே விற்கும். அதனால் ஜி என்று பார்த்ததும் லூட் பாக்ஸ் இல்லை என்று நினைத்துவிடாதீர்கள்.

பூட்டுசாவி: முத்திரையை விடுங்க, பணம் போகிற வழியை அடைங்க. பிளேஸ்டேஷனில் பையனுக்குத் தனிச் சைல்டு அக்கவுன்ட் போட்டு, மாதச் செலவு வரம்பு பூஜ்யத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். பெரும்பாலும் கோட்டை விடுவது இங்கேதான்: கார்டு சேமித்த அப்பாவின் ப்ரொஃபைலிலேயே பிள்ளை விளையாடும், எந்த வரம்பும் வேலை செய்யாது.

ஐபோன் செட்டிங்ஸில் ஸ்கிரீன் டைமுக்குள் கன்டென்ட் அண்ட் பிரைவசி ரெஸ்ட்ரிக்‌ஷன்ஸ் போய், இன்-ஆப் பர்ச்சேஸை ‘டோன்ட் அலோ’ ஆக்குங்கள். ஸ்கிரீன் டைம் பாஸ்கோடு வேறாக இருக்கட்டும். ஆண்ட்ராய்டில் ஃபேமிலி லிங்க் (பெற்றோர் கட்டுப்பாட்டுக்கான கூகுள் ஆப்) அனுமதி கேட்பது கூகுள் பிளே வழியாகக் கட்டும் பணத்துக்கு மட்டும். கேம் கம்பெனியின் வெப்சைட்டில் டாப்-அப் செய்தால் அதற்குத் தெரியாது.

மெல்பன்வாசி: நன்றி. பிறந்தநாளுக்கு வந்த கிஃப்ட் கார்டு?

பூட்டுசாவி: ஐபோனில் மேலே சொன்னதை அடைத்தால் கார்டு பேலன்ஸையும் கேமுக்குள் செலவழிக்க முடியாது.

கணக்குப்பிள்ளை: பையனிடம் கணக்கையும் காட்டுங்கள், புரியும் வயசுதான். கென்ஷின் இம்பாக்ட் கேமில் ஒரு இழுப்புக்கு, அதாவது குலுக்கலில் ஒரு தடவை அதிர்ஷ்டம் பார்க்க, 160 பிரைமோஜெம் (கேமுக்குள் புழங்கும் நாணயம்). உச்சத் தரமான 5 நட்சத்திரப் பரிசு விழ 0.6% வாய்ப்பு. பத்து இழுத்தாலும் 5 நட்சத்திரம் கிடைக்காமல் போக 94% வாய்ப்பு. 90ஆவது இழுப்பில் ஒன்று நிச்சயம், ஆனால் விளம்பரப்படுத்திய கேரக்டராகவே இருக்கும் என்றில்லை. முதல் தடவை அது தவறினால் அடுத்த 5 நட்சத்திரம் அதுவாகவே வரும். ஆக மோசமான பட்சம் 180 இழுப்பு, அதாவது 28,800 பிரைமோஜெம்.

இதே கேம் விஷயத்தில்தான் ஜனவரி 2025ல் அமெரிக்காவின் நுகர்வோர் பாதுகாப்பு அமைப்பான எஃப்டிசி 2 கோடி டாலர் அபராதத்தோடு, பெற்றோர் சம்மதமில்லாமல் 16க்குக் கீழே லூட் பாக்ஸ் விற்கக் கூடாது என்று உடன்பாடு வாங்கியது. எம் முத்திரையால் நடக்காதது இதுதான்: கடைசி பட்டனில் பெற்றோரைக் கேட்பது.