4கே திரையில் பழைய வியூக விளையாட்டு: எழுத்தைப் பெரிதாக்க வழி உண்டா?

நண்பர்களுக்கு வணக்கம். போன மாதம் 24 அங்குல முழு எச்டி திரையை மாற்றி 27 அங்குல 4கே திரை வாங்கினேன். படம் அருமை. ஆனால் பத்து வருடமாக நான் விளையாடும் ஒரு பழைய வியூக விளையாட்டில் எல்லாம் பொடி எழுத்தாகிவிட்டது.

காரணம் புரிகிறது. அது எழுத்தை பிக்சல் (திரைப் புள்ளி) கணக்கில் வரைகிறது. 12 பிக்சல் உயர எழுத்து பழைய திரையில் 3 மில்லிமீட்டருக்கு மேல் இருந்தது. இப்போது 2 மில்லிமீட்டர்கூட இல்லை. சுடும் விளையாட்டென்றால் சமாளிக்கலாம். இதில் வரி, தானிய இருப்பு, படை பலம் எல்லாமே எண்கள். சுட்டியை வைத்தால் வரும் விளக்கப் பெட்டியைப் படிக்காமல் ஒரு முடிவும் எடுக்க முடியாது. வயது 51, வெள்ளெழுத்துக் கண்ணாடி போட்டும் அரை மணியில் தலைவலி வந்துவிடுகிறது.

திரையின் தெளிவுத்திறனை முழு எச்டி அளவான 1920 × 1080க்கு இறக்கிப் பார்த்தேன். அளவு சரி, ஆனால் மங்கல். விண்டோஸ் கம்பேட்டிபிலிட்டி பகுதியில் டிபிஐ அமைப்பை (எழுத்து, படங்களின் அளவைப் பெரிதாக்குவது) மாற்றினேன். எழுத்து பெரிதானது, கிளிக் வேறு இடத்தில் விழுகிறது. சிவிலைசேஷன் 6 போன்ற வியூக விளையாட்டுகளில் இடைமுகத்தைப் பெரிதாக்கும் வசதி உள்ளேயே உண்டு. இதில் இல்லை.

4கே என்பது நீளம், அகலம் இரண்டிலும் முழு எச்டியின் சரியான இரு மடங்கு. அப்படியானால் கிராஃபிக்ஸ் கார்டில் இன்டிஜர் ஸ்கேலிங் (ஒவ்வொரு பிக்சலையும் முழு எண் மடங்கில் பெரிதாக்கும் வசதி) போட்டால் மங்கல் போகுமா? என்விடியா கார்டு வைத்திருப்பவர்கள் யாராவது செய்து பார்த்தீர்களா? அப்புறம், எழுத்துருவை மட்டும் மாற்றும் மாட் (விளையாட்டை மாற்றியமைக்கும் கூடுதல் கோப்பு) போட்டால் எழுத்து பெட்டிக்கு வெளியே வழியாதா? பழைய திரையை இன்னும் விற்கவில்லை, உங்கள் பதிலுக்காக வைத்திருக்கிறேன்.