ஹீலா செல் வளரவே மாட்டேன் என்கிறது, மீடியா மட்டும் தெளிவாக இருக்கிறது. உதவுங்கள்

கடைசி செமஸ்டர்: எம்.எஸ்சி. ப்ராஜெக்ட்டுக்காக லேபில் சேர்ந்து மூன்று மாதம். டி25 ஃப்ளாஸ்க்கில் ஹீலா (லேபில் வளர்க்கும் மனிதப் புற்றுநோய் செல்). மீடியா, அதாவது செல்லுக்கான ஊட்டத் திரவம்: டிஎம்இஎம், 10% எஃப்பிஎஸ் (மாட்டுக் கரு சீரம்), பென்-ஸ்ட்ரெப் (பெனிசிலின், ஸ்ட்ரெப்டோமைசின் கலந்த ஆன்டிபயாடிக்). இன்குபேட்டர் 37 டிகிரி, 5% கார்பன் டை ஆக்சைடு. முதல் மாதம் ஃப்ளாஸ்க் நிறைந்துவிடும், மூன்று நாளைக்கு ஒருமுறை ஸ்ப்ளிட் செய்தேன் (பிரித்துப் புது ஃப்ளாஸ்க்கில் போட்டேன்). இப்போது ஆறு நாளாகியும் ஃப்ளாஸ்க் பாதிதான் நிறைகிறது. கலங்கல் இல்லை, மைக்ரோஸ்கோப்பில் பாக்டீரியா இல்லை. எம்டிடி (உயிரோடு இருக்கும் செல்லை நிறத்தை வைத்து அளக்கும் டெஸ்ட்) ரீடிங்கும் ஒவ்வொரு முறை ஒவ்வொரு மாதிரி. கைடு "உன் கை சரியில்லை" என்கிறார். ஞாயிற்றுக்கிழமைகூட வந்து மீடியா மாற்றுகிறேன், அழுகையாக வருகிறது.

பிப்பெட்காரன்: சீரம் புது பேட்ச்சா? செல்லை ஃப்ளாஸ்க்கிலிருந்து பெயர்க்கும் டிரிப்சின் எவ்வளவு நேரம்?

கடைசி செமஸ்டர்: பழைய பேட்ச்தான் அண்ணா. மூன்று நிமிடம். அதே சீரத்தில் பக்கத்து ஸ்காலரின் செல் ஜோராக வளர்கிறது.

லேப் அக்கா: எனக்கு மைக்கோபிளாஸ்மா என்கிற மிகச் சிறிய பாக்டீரியா மேல்தான் சந்தேகம். மீடியா கலங்காது, சாதாரண மைக்ரோஸ்கோப்பிலும் பிடிபடாது. பென்-ஸ்ட்ரெப் காப்பாற்றும் என்று நம்பாதே. பெனிசிலின் தாக்குவது செல் சுவரை, இதற்குச் சுவரே கிடையாது. 0.22 மைக்ரான் ஃபில்டரில்கூட நழுவிவிடும். கவர்ஸ்லிப்பில் வளர்த்து டாப்பி ஸ்டெயின் (டிஎன்ஏவை நீலமாக ஒளிரவைக்கும் சாயம்) போட்டுப் பார். பக்கத்து ஸ்காலரின் செல்லையும் கூடவே வை. அப்புறம், வெளியிலிருந்து செல் ஏதாவது வாங்கினாயா?

கடைசி செமஸ்டர்: ஐயோ. போன மாதம் வேறொரு லேபிலிருந்து ஒரு வயல் (செல் உள்ள சிறு குப்பி) வாங்கினோம். ஒரே மீடியா பாட்டிலிலிருந்துதான் இரண்டுக்கும் ஊற்றினேன்.

லேப் அக்கா: சரி, அங்கேதான் வந்திருக்கும். ஒவ்வொரு செல்லுக்கும் தனி பாட்டில், இனிமேலாவது.

கடைசி செமஸ்டர் (ஐந்து நாள் கழித்து): பார்த்தேன் அக்கா. நியூக்ளியஸ் நீலமாக இருக்கிறது, அதைச் சுற்றி ரவை தூவினாற்போல நீலப் புள்ளிகள். பக்கத்து ஸ்காலரின் ஸ்லைடில் நியூக்ளியஸுக்கு வெளியே ஒரே கருப்பு. மருந்து போட்டுக் காப்பாற்றலாமா?

லேப் அக்கா: அந்தப் புள்ளிகள் மைக்கோபிளாஸ்மாவின் டிஎன்ஏதான். கிடைக்காத செல் என்றால் மெனக்கெடலாம். ஹீலாவுக்கு எதற்கு? ஆட்டோகிளேவ் பண்ணிக் கொட்டு. நைட்ரஜன் டாங்கில் அந்த வயல் வருவதற்கு முன்னால் ஃப்ரீஸ் செய்தது இருந்தால் எடு. அதையும் டெஸ்ட் செய்துவிட்டுத் தொடங்கு. இந்த ஒரு மாத எம்டிடி ரீடிங்கை மறந்துவிடு.

கடைசி செமஸ்டர்: கைடிடம் ஸ்லைடைக் காட்டினேன். திட்டவில்லை. "அந்த வயலை எந்த இன்குபேட்டரில் வைத்தாய்?" என்று மட்டும் கேட்டார். எல்லோரும் வைக்கிற இன்குபேட்டரில்தான். நாளையிலிருந்து மொத்த லேபுக்கும் டெஸ்ட். ஸ்லைடு போடப்போவது நான்.