கணவரின் வழக்கறிஞரே எனக்கும் போதுமா?

கேள்வி:

நானும் என் கணவரும் பரஸ்பர சம்மதத்துடன் பிரிவதென்று முடிவு செய்திருக்கிறோம். அவர் ஏற்கெனவே ஒரு வழக்கறிஞரை அமர்த்தி, ஒப்பந்த வரைவையும் தயாரித்துவிட்டார். நமக்குள் சண்டை இல்லாதபோது இவரே இருவருக்கும் பார்த்துக்கொள்வார், இன்னொருவருக்கு எதற்கு வீண் செலவு என்கிறார். குழந்தை என்னிடம் வளர்வதில் எங்களுக்குள் கருத்து வேறுபாடு இல்லை. ஆனால் வரவுசெலவு முழுவதும் அவர் பொறுப்பில் இருந்ததால், சேமிப்பு எவ்வளவு, கடன் எவ்வளவு என்பதுகூட எனக்குத் தெளிவாகத் தெரியாது. என் கையில் பணமும் அதிகம் இல்லை. இந்த நிலையில் நான் கையெழுத்திடலாமா?

மறுமொழி 1 (குடும்பநல வழக்குகளை நடத்தும் வழக்கறிஞர்):

சகோதரி, இப்போதைக்குக் கையெழுத்திட வேண்டாம். அந்த வழக்கறிஞர் எவ்வளவு நேர்மையானவராக இருந்தாலும், அவரை அமர்த்தியவர் உங்கள் கணவர். ஒப்பந்தத்தின் ஒரு பிரிவு உங்களுக்குப் பாதகமாக இருந்தால், அதை உங்களிடம் எடுத்துச் சொல்வது தம் கட்சிக்காரருக்கு எதிராகச் செயல்படுவதாகும் என்பதால் அவர் சொல்ல மாட்டார். நீங்கள் அவரிடம் பேசுவது இரகசியமாகக் காக்கப்படும் என்ற உறுதியும் உங்களுக்கு இல்லை.

செலவைக் குறித்து அஞ்ச வேண்டாம். முழு வழக்கையும் ஒப்படைக்காமல், வரைவைப் படித்து ஆலோசனை கூறுவதற்கு மட்டும் ஒருவரை அமர்த்தலாமா என்று கேட்டுப் பாருங்கள். இலவச சட்ட உதவி அமைப்புகளில், கணவர் எதிர்த்தரப்பு என்பதால் அவருடைய வருமானத்தைச் சேர்க்காமல் உங்கள் வருமானத்தை மட்டும் கணக்கிடுபவையும் உண்டு. எனவே தகுதியில்லை என்று நீங்களே முடிவுகட்டிவிடாதீர்கள். வழக்கு நீதிமன்றத்துக்கு வந்தால், வருமானமுள்ள துணைவர் மற்றவரின் வழக்குச் செலவைத் தர வேண்டும் என்று இடைக்கால உத்தரவு பெறவும் பல நாடுகளின் சட்டத்தில் இடமிருக்கிறது.

மறுமொழி 2:

நான் இந்தப் பாதையைக் கடந்து வந்தவள். வழக்கறிஞரைப் பார்க்கப் போகுமுன், திருமண நாள் முதல் இன்றுவரை நடந்த முக்கியமானவற்றை ஒரே பக்கத்தில் தேதிவாரியாக எழுதிக்கொள்ளுங்கள். கட்டணம் மணிக்கணக்கில் வாங்கப்படுமானால், கதை சொல்வதில் கரையும் நேரமும் உங்கள் பணம்தான். வங்கிக் கணக்கு அறிக்கை, வருமானவரித் தாக்கல், வீட்டுப் பத்திரம், கடன் ஒப்பந்தம், காப்பீடு ஆகியவற்றில் உங்கள் கைக்கு முறையாகக் கிடைப்பவற்றை நகலெடுங்கள். ஓய்வூதியத்தையும் வருங்கால வைப்பு நிதியையும் பலர் மறந்துவிடுகிறார்கள். வீட்டுக்கு அடுத்தபடியாகப் பெரிய சொத்து பெரும்பாலும் அதுவாகவே இருக்கும். கணவருடைய மின்னஞ்சலைத் திறந்து தேடாதீர்கள், அது உங்களுக்கே வினையாகும். உங்கள் கடவுச்சொற்களை மட்டும் உடனே மாற்றிவிடுங்கள்.

வழக்கறிஞரின் கட்டணத்தில் எவையெல்லாம் அடங்கும், முன்பணத்தில் மீதியிருந்தால் திரும்பக் கிடைக்குமா, வழக்கை நேரில் நடத்துபவர் அவரா அல்லது இளநிலை வழக்கறிஞரா என்பதையெல்லாம் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

கேள்வி கேட்டவர்:

இருவருக்கும் மிக்க நன்றி. தனி வழக்கறிஞர் வேண்டும் என்று சொன்னதும், அப்படியானால் ஒரு சமரசரிடம் போகலாம் என்கிறார் என் கணவர். அது போதுமா?

மறுமொழி 1:

சமரசர் நடுநிலையாளர். உங்களுக்குள் பேச்சு நடக்க உதவுவாரே தவிர, எந்தத் தரப்புக்கும் சட்ட ஆலோசனை வழங்க மாட்டார். ஆகவே அவரிடம் போவதானாலும் உங்களுக்கென்று ஒரு வழக்கறிஞர் பின்னால் இருப்பது அவசியம். 1990இல் அமெரிக்காவின் மினசோட்டாவில் ஸ்டூவர்ட் வெப் என்ற வழக்கறிஞர் தொடங்கிய கூட்டுமுறையும் சில நாடுகளில் உண்டு: இருவருக்கும் தனித்தனி வழக்கறிஞர்கள் இருப்பார்கள், பேச்சு முறிந்து வழக்கு நீதிமன்றத்துக்குப் போனால் அந்த வழக்கறிஞர்கள் இருவருமே விலகிவிட வேண்டும். சமாதானமாக முடிப்பதில் அவர்களுக்கும் அக்கறை இருக்கும் என்பதால் எனக்கு இம்முறையில் மதிப்பு உண்டு. ஆனால் எல்லாக் கணக்கையும் இருவரும் ஒளிக்காமல் காட்டினால்தான் இவற்றில் எதுவும் நியாயமாக முடியும்.

கேட்பதற்கு மன்னிக்கவும்: கணவரிடம் உங்களுக்கு அச்சம் ஏதும் உண்டா? அடியோ மிரட்டலோ இருந்திருந்தால் சமரசப் பேச்சு சமமான பேச்சாக இராது. அத்தகைய வன்முறை இருந்த இடத்தில் சமரசத்தைக் கட்டாயமாக்கக் கூடாதென்று ஐரோப்பிய மன்றத்தின் 2011ஆம் ஆண்டு இஸ்தான்புல் உடன்படிக்கையே கூறுகிறது. அப்படி ஏதுமில்லையெனில், சொத்து, கடன், வருமானம் பற்றிய முழு விவரத்தை அவர் கையொப்பத்துடன் தந்த பிறகே முதல் அமர்வுக்குத் தேதி கொடுங்கள். அங்கு எழுதப்படும் உடன்பாட்டையும் உங்கள் வழக்கறிஞர் படித்துச் சொல்லும்வரை கையெழுத்திடாதீர்கள்.