பல்லில் உள்ள தனிமங்களை அளந்தால் எந்த விலங்கு என்று தெரியுமா?

நெய்தல்நிலவன்:
தெரியும் என்பது என் கட்சி. சான்று, பில்ட்டவுன். இங்கிலாந்தின் சசெக்ஸ் சரளைக் குழியில் மண்டையோடும் தாடையுமாகக் கிடைத்ததாக 1912இல் அறிவிக்கப்பட்ட அந்த 'ஆதிமனிதன்' 40 ஆண்டுகள் கொலுவிருந்தான். 1953இல் அவனைக் கீழே இறக்கியது எலும்பில் துளியளவே இருக்கும் ஃபுளோரின். தாடை ஓராங்குட்டானுடையது என்று குட்டு உடைந்தது.

கரிசல்:
கடைசி இரண்டு வாக்கியங்களுக்கும் நடுவில் ஒரு பெரிய தாண்டல் இருக்கிறது ஐயா. புதைந்த எலும்பு நிலத்தடி நீரிலிருந்து ஃபுளோரினை மெல்ல மெல்ல உறிஞ்சும். ஒரே குழியில் ஒரே காலம் கிடந்தவை ஏறக்குறைய ஒரே அளவைக் காட்ட வேண்டும். மண்டையோட்டில் இருந்தது 0.1 விழுக்காடு, தாடையில் 0.03க்கும் கீழே. அதாவது, இரண்டும் சேர்ந்து புதைந்தவை அல்ல. அவ்வளவுதான். குரங்கா குதிரையா என்று ஃபுளோரின் வாய் திறக்கவில்லை. பல்லின் வடிவம் சொன்னது. உருப்பெருக்கியில் தெரிந்த அரம் ராவிய கீறல்கள் மோசடியைச் சொல்லின. ஓராங்குட்டான்தான் என்பதற்கு 1982இல் கொலாஜன் புரதச் சோதனை சான்று தந்தது. 2016இல் டிஎன்ஏ உறுதிசெய்தது.

நெய்தல்நிலவன்:
சரி, ஃபுளோரினை விட்டுவிடுகிறேன். ஸ்ட்ரான்சியம்? செடியில் கால்சியத்தோடு சேர்ந்து இருக்கிறது. ஆட்டின் குடல் கால்சியத்தை ஏற்றுக்கொண்டு ஸ்ட்ரான்சியத்தைப் பெரும்பாலும் தள்ளிவிடுகிறது. அந்த ஆட்டைத் தின்னும் ஓநாயின் உடலில் அது இன்னும் குறைகிறது. இனத்துக்கு ஓர் எண் கிடைத்துவிட்டதே!

கரிசல்:
இனத்துக்கு அல்ல, தீனிக்கு. அந்த எண்ணும் மண்ணுக்கு மண் மாறும். தென்னாப்பிரிக்காவின் ஸ்வார்ட்கிரான்ஸ் குகையில் கிடைத்த பராந்த்ரோபஸ் (மனிதனுக்கு உறவான, அழிந்துபோன ஓர் இனம்) எலும்புகளிலும் ஸ்ட்ரான்சியத்தை அளந்தார்கள். செடி மட்டுமே தின்றதற்கு எண் குறைவாக இருந்ததால், வேறு என்னதான் தின்றது என்று வாதம் எழுந்தது. அது பராந்த்ரோபஸ்தான் என்பதை மண்டையும் பல்லும் முன்பே சொல்லிவிட்டன.

தராசு:
இடையில் நுழைவதற்குப் பொறுத்துக்கொள்ளுங்கள். தடயவியலில் இந்த முறைக்கு வேலை உண்டு, சின்ன வேலை. எரிந்த இடத்தில் விரல்நுனி அளவு வெள்ளைத் துண்டு கிடக்கிறது. எலும்பா, சுண்ணாம்புக் கல்லா, பிளாஸ்டிக்கா? எக்ஸ் கதிர்க் கருவியைக் காட்டினால் கால்சியமும் பாஸ்பரசும் எந்த விகிதத்தில் இருக்கின்றன என்று தெரிந்துவிடும். எலும்பு என்று ஆன பிறகு, மனித எலும்பா மாட்டெலும்பா என்றால் அந்தக் கருவி கைவிரித்துவிடும். பிறகு மெல்லிய சீவலை நுண்ணோக்கியில் வைக்க வேண்டியதுதான். செங்கல் அடுக்கியதுபோல் வரிசை தெரிந்தால் பெரும்பாலும் கால்நடை.

நெய்தல்நிலவன்:
ஸ்ட்ரான்சியத்துக்கே திரும்புகிறேன். ஒரே தளம், ஒரே மண்ணடுக்கு, எலும்பைத் தொடாமல் பல்லின் எனாமல் மட்டும். அதில் 96 விழுக்காடு கனிமம்; மண்ணின் கலப்படம் எளிதில் ஏறாது. அங்கேயே கிடைத்த ஆட்டுப் பல்லை அளவுகோலாக வைத்தால் ஊனுண்ணியைத் தனியே பிரித்துவிடலாமா, கூடாதா?

கரிசல்:
பிரிக்கலாம், மறுக்கவில்லை. பிரித்த பல் ஓநாயுடையதா, நாயுடையதா? அதை உங்கள் எண்ணிடம் கேட்டுச் சொல்லுங்கள்.