புதுப்பிப்பு: ‘ஃபராகோ’வும் கதம்பமும்

‘ஃபராகோ’ என்ற ஆங்கிலச் சொல்லைக் ‘கதம்பம்’ எனத் தமிழில் எழுதலாமா என்று சென்ற வாரம் கேட்டிருந்தேன். வேரைத் தேடிப் பார்த்தபின், கூடாது என்றே கருதுகிறேன். லத்தீனில் ‘ஃபார்’ என்பது கோதுமை இனத்துப் பழந்தானியம் ஒன்றின் பெயர். அதிலிருந்து பிறந்த ‘ஃபராகோ’, கால்நடைகளுக்குப் போடும் கலப்புத் தீவனத்தைக் குறித்தது. ரோமானியக் கவிஞர் ஜூவனல் தம் நூலின் பலதரப்பட்ட பொருளையே அச்சொல்லால் அழைத்திருக்கிறார். 17ஆம் நூற்றாண்டில் ஆங்கிலத்துக்கு வந்த அது, இன்று பெரும்பாலும் ஒழுங்கற்ற குழப்பத்தைப் பழிக்கவே பயன்படுகிறது; 2017இல் சசி தரூர் ட்விட்டரில் எழுதியதும் அப்பொருளில்தான்.

சிங்கப்பூரின் தேக்கா பகுதிப் பூக்கடைகளில் மல்லிகையும் மரிக்கொழுந்தும் கனகாம்பரமும் சேர்த்துத் தொடுக்கப்படும் கதம்பத்தில் ஓர் அழகும் அளவும் உண்டு. மலாயில் கலவை என்றே பொருள்படும், நம் ஊர்க் கலவை உணவான ‘ரோஜாக்’கிலும் இகழ்ச்சி அவ்வளவாக இல்லை. பழிப்பையும் குழப்பத்தையும் ஒருங்கே தாங்கும் ‘கந்தரகோளம்’ என்பதையே என் மொழிபெயர்ப்பில் வைத்திருக்கிறேன்.