பொரி விரிவாக்கம் வேண்டாம், 'பொரிமலர்ச்சி' என்போம்

வணக்கம் அண்ணா,

சோளப்பொரி இன மேம்பாட்டுக் கட்டுரைக்காக நீங்கள் தொகுத்த சொற்களை நேற்றிரவு வாசித்தேன். இரண்டைத் தவிர எல்லாம் எனக்குச் சரி. முதலாவது, 'பொப்பிங் எக்ஸ்பான்ஷன்', அதாவது ஒரு இனத்தின் மணி பொரியும்போது எவ்வளவு பெரிதாக விரிகிறது என்ற குணம், அதற்கு நீங்கள் போட்டிருக்கிற 'பொரி விரிவாக்கம்'.

இலங்கையில் விவசாயம் படித்த ஒருவரிடம் 'விரிவாக்கம்' என்று சொன்னால், ஊருக்கு வந்து விவசாயிக்கு ஆலோசனை சொல்லும் உத்தியோகத்தர்தான் அவருக்கு நினைவு வரும். தம்பி சொன்ன 'பொரிப்பெருக்கம்' முதலில் நன்றாகத்தான் பட்டது, ஆனால் விதைப் பெருக்கம் என்று நாளும் எழுதுகிற துறை இது, ஒரே பந்தியில் இரண்டும் வந்தால் வாசிப்பவர் தடுமாறுவார். 'பொரிக் கனவளவு' என்றால் அது அளந்து வரும் எண், இனத்தின் குணம் அதில் இல்லை.

இந்த ஒரு சொல்லில் நான் இவ்வளவு நிற்பதற்குக் காரணம் இருக்கிறது. பொரிச்சோளத்தில் விளைச்சலும் இந்தக் குணமும் பெரும்பாலும் எதிரெதிர்த் திசையில் இழுக்கும். சாதாரணச் சோளத்தோடு கலந்தால் விளைச்சல் ஏறும், ஆனால் வித்தகவிழையத்தில் (மணிக்குள் மாப்பொருள் சேர்ந்திருக்கும் பகுதியில்) கெட்டியில்லாத, மாப்பதமான பகுதி கூடிவிடும், பொரி சிறுத்துப் போகும். பிறகு அந்தக் கலப்பைத் திரும்பவும் பொரிச்சோளத்தோடேயே கலந்து, அதாவது பிற்கலப்புச் செய்து, இழந்ததை மீட்க வேண்டும். பிரேசிலில் வட ஃபுளுமினென்சே பல்கலைக்கழகத்தில் ஒரே பொரிச்சோளக் கூட்டத்தைச் சுற்றுச் சுற்றாகத் தேர்வு செய்து, இரண்டையும் சேர்த்து உயர்த்தப் பல வருடம் பாடுபட்டிருக்கிறார்கள். அதனால் 'விளைச்சல்' என்ற சொல்லுக்குப் பக்கத்தில் வைத்தால் அதே எடையோடு நிற்கிற, தனியான ஒரு சொல் வேண்டும்.

என் பரிந்துரை 'பொரிமலர்ச்சி'. மணிக்குள் 14 சதவீதம் அளவில் இருக்கும் ஈரம் ஆவியாகி, கெட்டித் தோல் அதை அடக்கி வைத்திருந்து, 180 பாகை செல்சியஸ் அளவில் தோல் வெடிக்க, இளகிய மாப்பொருள் நுரைத்து வெளியே விரிகிறதே, அது மலர்வதுதான். சங்கப் பாடல்களில் புன்கம்பூவைப் பொரிக்கு ஒப்பிட்டார்கள், நாம் பொரியைப் பூவுக்கு ஒப்பிடுகிறோம், அவ்வளவுதான். பயிர் பூக்கும் பருவத்தோடு குழம்பும் என்று அக்கா எழுதியிருந்தா. அதற்கு எல்லோரும் 'பூத்தல்' என்றுதான் எழுதுகிறோம், 'மலர்ச்சி' என்று எழுதுவதில்லை.

வாக்கியத்தில் போட்டும் பார்த்தேன்: 'நல்ல கலப்பினங்களின் பொரிமலர்ச்சி கிராமுக்கு 40 மில்லிலீற்றருக்கு மேல்.' 'பொரிமலர்ச்சி குறைந்த விதை வழிகள் கழிக்கப்பட்டன.' எங்கும் இடறவில்லை. போன கிழமை வெள்ளவத்தையில் வாங்கிய பொப்கோர்ன் மணியையும், அநுராதபுரத்திலிருந்து மாமா கொண்டுவந்த சாதாரணச் சோளத்தையும் ஒரே சட்டியில் மாறி மாறிப் போட்டேன். மாமாவின் சோளம் கீறிக் கருகியதோடு சரி. பார்த்துக்கொண்டு நின்ற அம்மா கேட்டது, "இது ஏன் மலரேல்ல?" என்றுதான். நான் அந்தச் சொல்லை அவவிடம் சொல்லவே இல்லை.

இரண்டாவது, சட்டியின் அடியில் பொரியாமல் தங்கும் மணிக்கு 'மலட்டு மணி' என்று எழுதியிருக்கிறீர்கள். கலப்பின விதை உற்பத்தியில் ஆண்மலடு (செடியில் வளமான மகரந்தம் உண்டாகாமை) என்று வேறொரு விஷயம் இருக்கிறது, அதோடு இந்த மணி முளைக்காது என்றும் நினைத்துவிடுவார்கள். 'பொரியாமணி' என்று மாற்றிவிடுங்கள் அண்ணா.