மறு: மின்னூல் படிப்பானில் படத்தை ஜூம் செய்ய ஒரு சொல்

வணக்கம்.

> ‘பெரிதாக்கு’ என்றே வைத்துவிடலாமே, எல்லோருக்கும் புரியும்.

புரியும். ஆனால் அந்தச் சொல்லுக்கு ஏற்கெனவே இரண்டு வேலை இருக்கிறது: சாளரத்தைத் திரை முழுக்க விரிப்பது, எழுத்தின் அளவைக் கூட்டுவது. எழுத்தளவைக் கூட்டினால் வரிகள் மடங்கிப் பக்கங்கள் கூடும். படத்தில் எதுவும் மடங்காது. திரைக்கு வெளியே போன பகுதியை விரலால் இழுத்துத்தான் பார்க்க வேண்டும். செயல் வேறு என்பதால் சொல்லும் வேறாக இருப்பதே நல்லது.

என் பரிந்துரை ‘உருப்பெருக்கு’. பள்ளி இயற்பியலில் லென்ஸ் பாடத்தில் வரும் ‘உருப்பெருக்கம்’ எல்லோரும் படித்ததுதான். லென்ஸ் வழியே பார்த்தால் பொருள் வளர்வதில்லை, தோற்றம்தான் பெரிதாகிறது. இங்கும் கோப்பு அப்படியே இருக்கிறது. கோப்பின் அளவையே மாற்றுவதை ‘அளவு மாற்று’ என்போம்.

இந்த இரண்டும் குழம்புவதால்தான் “ஜூம் வேலை செய்யவில்லை” என்ற புகாரே பல நேரம் வருகிறது. 2012 கிண்டில் பேப்பர்வைட் என்ற மின்னூல் படிப்பானின் திரை 758 புள்ளி (பிக்சல்) அகலம். 1600 புள்ளி அகலமுள்ள வரைபடத்தை அதில் 2 மடங்குக்குச் சற்று மேல் வரை உருப்பெருக்கினால் சிற்றூர்ப் பெயர்களும் தெளியும். அதே படத்தை காலிபர் என்ற மின்னூல் மாற்றும் மென்பொருளில் மாற்றும்போது திரை அளவுக்குக் குறுக்கிவிட்டால், எத்தனை மடங்கு பெருக்கினாலும் கட்டம் கட்டமாக மங்கல்தான். வெளியீட்டுச் சாதன வகையில் ‘டேப்லட்’ தேர்ந்தால் படம் குறுகாது.

> ஜூம் என்றே எழுதினால் என்ன?

பேச்சில் இருக்கட்டும். எழுத்தில் ஜூம், ஸூம், சூம் என மூன்றாகப் பிரிந்து தேடலில் சிக்காது. போதாக்குறைக்கு, ‘சூம்புதல்’ என்றால் தமிழில் வற்றிச் சிறுத்தல். நேர் எதிர்ப்பொருள்!

> எதிர்ச்செயலுக்கு ‘அகற்று’?

வேண்டவே வேண்டாம். படத்தையே நீக்கிவிடும் என்று பயந்து யாரும் தொடமாட்டார்கள். பெருக்கு–சுருக்கு நாவில் பழகிய இணை, ‘உருச்சுருக்கு’ போதும். கோப்பைச் சுருக்குவதோடு குழம்பாதபடி முன்னால் ‘உரு’ நிற்கிறது.

மற்றவை: திரைக்குப் பொருத்து, மூல அளவு, படத்தை நகர்த்து. 200% என்று காட்டும் இடத்தில் எதில் 200% என்பது தெரிவதில்லை. ‘மூல அளவில் 2 மடங்கு’ என்று எழுதுவோம்.

கோரீடர் என்ற மின்னூல் படிப்பு மென்பொருளில் படத்தின்மேல் விரலை அழுத்திப் பிடித்தால் அது தனியே திறக்கும். அதற்கான உதவிக்குறிப்பு: “உருப்பெருக்க, படத்தை அழுத்திப் பிடிக்கவும்.” ஆனால் நூலைக் கட்டியவர் படத்தை நடைதாளில் (தோற்றத்தை வகுக்கும் CSS கோப்பில்) பின்னணியாக வைத்திருந்தால், அழுத்தினாலும் படிப்பானுக்கு அங்கே படம் இருப்பது தெரியாது. இணைப்புக்குள் வைத்திருந்தால் தொட்டதும் வேறு பக்கத்துக்குத் தாவிவிடக்கூடும். ஆகவே நூலாக்குவோருக்கான கையேட்டிலும் ‘உருப்பெருக்கத்தக்க படம்’ என்ற சொல்லைச் சேர்க்க வேண்டும்.